ரெடியூசருக்கும் சென்சாருக்கும் நடுவே 105 மில்லிமீட்டர்

எட்டு அங்குல ஷ்மிட்-காசெக்ரெய்ன் தொலைநோக்கி வாங்கி, பின்னால் கேமராவை மாட்டி, முதல் வேலையாக முழுநிலவைப் படம் பிடிக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “நிலா ஏன் முழுசா ஃப்ரேமுக்குள்ள வரல?”

தொலைநோக்கியில் கோளாறு எதுவும் இல்லை. செலஸ்ட்ரான் சி8 போன்ற குழாயின் நீளம் ஒன்றரை அடிகூட இருக்காது. உள்ளே இருக்கும் பெரிய ஆடி எஃப்/2, அதாவது அதன் குவியத்தூரம் வாயின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு. முன்பக்கத்துச் சின்ன ஆடி அதை ஐந்து மடங்கு நீட்டி எஃப்/10 ஆக்குகிறது. அதனால்தான் கையில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறக்கூடிய அந்தக் குட்டைக் குழாய்க்குள் 2032 மி.மீ. குவியத்தூரம் அடங்கியிருக்கிறது. சாதாரண கேனான் ஏபிஎஸ்-சி கேமராவின் சென்சார் 22.3-க்கு 14.9 மி.மீ. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் படத்தில் விழும் வானம் 38-க்கு 25 கலை. நிலாவின் விட்டம் ஏறக்குறைய 31 கலை. மேலும் கீழும் வெட்டுப்படத்தான் செய்யும். (பாகை, கலை, விகலை என்று பஞ்சாங்கத்தில் வரும் அதே அளவுதான். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை.)

இந்தக் குழாயின் பின்னால் 0.63 மடங்கு ஃபோக்கல் ரெடியூசர் ஒன்றை முடுக்கினால் குவியத்தூரம் 1280 மி.மீ. ஆகிறது. வானம் 60-க்கு 40 கலையாக விரிகிறது. நிலா சுற்றிலும் கொஞ்சம் கருப்பு விட்டு நடுவில் வந்து உட்காரும். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு லென்ஸ் செய்யும் வேலை இது. அதைச் சரியாக மாட்டுவது எப்படி, எங்கே தவறும் என்பதை, புதிதாக இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், இது என்ன செய்கிறது, என்ன செய்யாது

வீட்டில் இரண்டு பூதக்கண்ணாடிகள் இருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். பகலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். ஒரு பூதக்கண்ணாடியைத் தாளுக்கு முன்னால் பிடித்து, ஜன்னலின் தலைகீழ்ப் பிம்பம் தாளில் தெளிவாக விழும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இப்போது இரண்டாவது கண்ணாடியை முதலாவதுக்கும் தாளுக்கும் நடுவில் நுழையுங்கள். பிம்பம் மங்கிப்போகும். இரண்டையும் சேர்த்துத் தாளை நோக்கிக் கொஞ்சம் நகர்த்தினால் மறுபடி தெளியும். ஆனால் இந்த முறை ஜன்னல் முன்பைவிடச் சின்னதாக, முன்பைவிடப் பளிச்சென்று விழும். அந்த இரண்டாவது கண்ணாடிதான் ரெடியூசர்.

பளிச்சென்று விழுகிறது என்பதை வைத்து “ரெடியூசர் போட்டால் அதிக வெளிச்சம் சேரும்” என்று சொல்வார்கள். அது சரியில்லை. வெளிச்சத்தைச் சேர்ப்பது முன்பக்கத்து 203 மி.மீ. வாய். அது மாறவே இல்லை. ஒரு நெபுலாவிலிருந்து வந்த அதே வெளிச்சம் இப்போது குறைந்த பரப்பில், குறைந்த பிக்சல்களில் விழுகிறது. ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் பங்கு கூடுகிறது, அவ்வளவுதான். எஃப்/10-லிருந்து எஃப்/6.3-க்கு வரும்போது அந்தப் பங்கு இரண்டரை மடங்கு. முன்பு 5 நிமிடம் திறந்து வைத்த இடத்தில் 2 நிமிடம் போதும்.

நகரத்திலிருந்து படம் எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். வானத்தில் தெருவிளக்கு வெளிச்சம் பரவியிருந்தால் அதுவும் அதே இரண்டரை மடங்கு கூடும். நெபுலாவுக்கும் பின்புல வானத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ரெடியூசர் கூட்டாது. அதற்கு இருட்டான இடத்துக்குத்தான் போக வேண்டும்.

அப்படியென்றால் இதில் உண்மையான லாபம் என்ன? அகலமான வானம் ஒன்று. நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது, வானம் நகர நகரக் குழாயைத் திருப்பித் தடம்பிடிக்கும் தாங்கியான மவுண்ட்டுக்குக் கிடைக்கும் நிம்மதி. 4.3 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவில், 2032 மி.மீ.-இல் ஒரு பிக்சல் 0.44 விகலை வானத்தைப் பார்க்கிறது, 1280-இல் 0.69 விகலை. காற்றின் கொந்தளிப்பால் ஒரு நட்சத்திரம் நல்ல இரவிலேயே 2 விகலைக்குப் பரவிவிடும். அதை ஐந்து பிக்சலில் நீட்டிப் பார்ப்பதால் புதிதாக எந்த நுணுக்கமும் வந்துவிடாது. மவுண்ட்டின் ஒவ்வொரு சிறு உதறலும் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். ரெடியூசர் போட்டபின் அதே மவுண்ட்டில், முன்பு நீண்டுபோன நட்சத்திரங்கள் வட்டமாக வருவதைப் பார்க்கலாம்.

எந்தக் குழாய்க்கு எது

வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எல்லாக் குழாய்க்கும் பொருந்தும் ரெடியூசர் என்று ஒன்று கிடையாது.

சாதாரண எஃப்/10 ஷ்மிட்-காசெக்ரெய்ன் (சி5, சி6, சி8 போன்றவை): 0.63 மடங்கு ரெடியூசர்-கரெக்டர். இது குவியத்தூரத்தைக் குறைப்பதோடு, இந்த வகைக் குழாயில் இயல்பாக இருக்கும் வளைந்த குவியப் பரப்பையும் ஓரளவு தட்டையாக்கித் தருகிறது. சி6-இல் போட்டால் 1500 மி.மீ. 945 ஆகும்.

எட்ஜ் எச்.டி. வகை: இதன் உள்ளேயே திருத்தும் லென்ஸ்கள் இருக்கின்றன. மேலே சொன்ன 0.63-ஐ இதில் மாட்டக் கூடாது. மரை பொருந்தும், அதனால் பலர் மாட்டிவிடுகிறார்கள்; திருத்தியதையே மறுபடி திருத்தப்போய் மூலைகள் கெட்டுவிடும். எட்டு அங்குல எட்ஜுக்கென்றே 0.7 மடங்கு ரெடியூசர் தனியாக இருக்கிறது.

சின்ன ரிஃப்ராக்டர் (ஆடி இல்லாமல் லென்ஸால் ஆன தொலைநோக்கி): 80 மி.மீ. எஃப்/6 குழாய் என்றால் 480 மி.மீ. அதற்கு 0.8 மடங்கு ரெடியூசர்-ஃப்ளாட்னர் போட்டால் 384 மி.மீ., எஃப்/4.8. அந்தந்தக் குழாய்க்கு அதன் தயாரிப்பாளர் பரிந்துரைப்பதை வாங்குவதே நல்லது. பெட்ஸ்வால் வகை ரிஃப்ராக்டரில் தட்டையாக்கும் லென்ஸ் உள்ளேயே இருப்பதால் ஃப்ளாட்னர் தேவையில்லை.

மாக்சுடாவ்: 127 மி.மீ. வாயும் 1500 மி.மீ. குவியத்தூரமும் உள்ள குழாய்கள் நம் ஊரில் நிறையப் பேரிடம் இருக்கின்றன. பின்புறத் துளை குறுகலானது. ரெடியூசர் போட்டுப் பெரிய சென்சார் வைத்தால், கிணற்றுக்குள்ளிருந்து வானத்தைப் பார்ப்பதுபோல் சுற்றிலும் இருட்டு விழும். சின்ன சென்சார் கேமரா இருந்தால் மட்டும் முயலுங்கள்.

நியூட்டோனியனில் வேறு சிக்கல். ரெடியூசர் குவியத்தை உள்ளே இழுக்கும். ஃபோகஸரோ அவ்வளவு உள்ளே போகாது. முதல் தொலைநோக்கியாக நியூட்டோனியன் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையை விட்டுவிட்டு, கோமா கரெக்டர் (ஓரத்து நட்சத்திரங்கள் வால் முளைத்ததுபோல் சிதையும் கோமாவைத் திருத்தும் லென்ஸ்) பற்றித் தேடிப் படிக்கலாம்.

கடைசியாக, ஒன்றேகால் அங்குல மூக்கில் முடுக்கும் மலிவான 0.5 மடங்கு ரெடியூசர். கோள்களைப் படம் எடுக்கும் சின்ன கேமராவுக்கு ஓரளவு பயன்படும். டி.எஸ்.எல்.ஆருக்கு வேண்டாம்.

அந்த 105

ரெடியூசர் வாங்குகிற எல்லாரும் கண்ணாடியின் தரத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். படத்தைத் தீர்மானிப்பது அதைவிட அதிகமாக ஒரு தூரம்: ரெடியூசரின் பின்பக்க மரையிலிருந்து சென்சார் வரைக்கும். இதை பேக் ஃபோகஸ் என்கிறார்கள். 0.63 ரெடியூசருக்கு இது 105 மி.மீ. ரிஃப்ராக்டர் ஃப்ளாட்னர்களில் பெரும்பாலும் 55 மி.மீ.

தூரம் ஏன் இவ்வளவு முக்கியம்? ரெடியூசர் எத்தனை மடங்கு குறைக்கும் என்பது அதன் மேல் அச்சடித்திருக்கும் எண்ணால் முடிவாவதில்லை. ஒன்றிலிருந்து, லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்துக் கழித்தால் வருவதுதான் உண்மையான மடங்கு. 100 மி.மீ. குவியத்தூரமுள்ள ஒரு லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சென்சார் 50 மி.மீ. தள்ளி இருந்தால் 0.5 மடங்கு. 37 மி.மீ. தள்ளி இருந்தால் 0.63. அதே கண்ணாடிதான், எண் வேறு. தள்ளத் தள்ளக் குறைப்பு கூடும். கூடவே மூலை நட்சத்திரங்களும் சிதையும், ஓரங்களும் இருளும்.

இப்போது மில்லிமீட்டர்களை எண்ணலாம். ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

டி.எஸ்.எல்.ஆர் வைத்திருப்பவருக்கு வேலை சுலபம். கேனான் இ.எஃப். கேமராவில் லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து சென்சார் 44 மி.மீ. உள்ளே இருக்கிறது. லென்ஸுக்குப் பதில் அந்த வளையத்தில் பூட்டும் டி-ரிங் 11 மி.மீ. மொத்தம் 55. நிக்கானில் 46.5, அதன் டி-ரிங் 8.5, அங்கேயும் 55. டி-ரிங்கின் தடிமன் ஒவ்வொரு கேமராவுக்கும் வேறாக இருப்பதே இந்த 55-ஐக் கொண்டுவரத்தான். டி-ரிங்கை ரெடியூசரோடு இணைக்கும், ஷ்மிட்-காசெக்ரெய்னுக்கான டி-அடாப்டர் 50 மி.மீ. நீளம். 55-உம் 50-உம் 105. ரெடியூசர், டி-அடாப்டர், டி-ரிங், கேமரா: வேறெதுவும் சேர்க்காமல் இந்த நான்கை மட்டும் மாட்டினால் தூரம் தானாகவே சரியாக அமைந்துவிடும்.

மிரர்லெஸ் கேமராவில் சென்சார் முன்னால் இருக்கும்: சோனி இ-யில் 18 மி.மீ., கேனான் ஆர்.எஃப்-இல் 20 மி.மீ. அதனால் அவற்றின் டி-ரிங் நீளமாக இருக்க வேண்டும், சோனிக்கு 37, ஆர்.எஃப்-க்கு 35. பழைய இ.எஃப். டி-ரிங் கையில் இருந்தால், அதோடு 24 மி.மீ. இ.எஃப்-ஆர்.எஃப் அடாப்டரைச் சேர்த்தாலும் அதே 35 வந்துவிடும்; புதிதாக வாங்க வேண்டியதில்லை.

குளிரூட்டும் வானியல் கேமராக்களில் பலவற்றுக்கு முன்முகத்திலிருந்து சென்சார் வரை 17.5 மி.மீ. அதோடு 16.5 மி.மீ. வளையமும் 21 மி.மீ. வளையமும் சேர்த்தால் 55 வரும். பிறகு அதே 50 மி.மீ. அடாப்டர். ஆஃப்-ஆக்சிஸ் கைடரோ (தடம்பிடிப்பைத் திருத்த, ஓரத்து நட்சத்திரம் ஒன்றை இன்னொரு கேமராவுக்குக் காட்டும் கருவி) ஃபில்டர் டிராயரோ (ஃபில்டரைச் செருகும் சட்டம்) நடுவில் வந்தால், அதன் தடிமன் அளவுக்கு ஒரு வளையத்தைக் கழற்ற வேண்டும். “கூடவே மாட்டிக்கொள்ளலாம்” என்று நினைப்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். கண்ணாடி ஃபில்டர் இருந்தால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தூரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். 3 மி.மீ. ஃபில்டருக்கு 1 மி.மீ. கூடுதல் வளையம்.

எழுதியதை நம்பாமல் அளந்தும் பாருங்கள். பல கேமராக்களின் மேல்பக்கத்தில் ஒரு சின்ன வட்டமும் அதன் நடுவே போகும் கோடும் பொறித்திருப்பார்கள். அந்தக் கோடுதான் சென்சார் இருக்கும் தளம். ரெடியூசரின் பின்விளிம்பிலிருந்து அந்தக் கோடு வரை ஒரு வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்தால் உங்கள் 105 எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். 0.63 ரெடியூசர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும். ரிஃப்ராக்டர் ஃப்ளாட்னர்கள் அவ்வளவு பொறுமையானவை அல்ல. அங்கே அரை மில்லிமீட்டர்கூட மூலைகளில் தெரியும்.

மரை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. டி-மரை என்பது 42 மி.மீ. விட்டம், 0.75 மி.மீ. இடைவெளி. பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ்களிலும் 42 மி.மீ. மரை உண்டு, ஆனால் இடைவெளி 1 மி.மீ. இரண்டும் முதல் சுற்றுக்குப் பொருந்துவதுபோல் ஏறி, பிறகு இறுகும். இறுகினால் பலம் போடாதீர்கள். அலுமினிய மரை ஒருமுறை வழுக்கினால் அடாப்டரைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பகலிலேயே மாட்டிப் பாருங்கள்

இருட்டில் முதல்முறை மாட்டாதீர்கள். வீட்டில் மேசைமேல் ஒரு துண்டை விரித்து இப்படிச் செய்யுங்கள்.

1. குழாயின் வாயைக் கீழ்நோக்கிச் சாய்க்காமல் கிடைமட்டமாக வையுங்கள். பின்பக்கம் கண்வில்லை பிடிக்கும் வளையத்தைக் கழற்றுங்கள். உள்ளே பெரிய மரை தெரியும்.

2. ரெடியூசரை அந்த மரையில் நேரடியாக ஏற்றுங்கள். முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுழற்றினால் மரை ‘டக்’கென்று உட்காரும் ஓர் இடம் வரும், அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் கோணலாக ஏறாது. விரல் நுனியால் இறுக்கினால் போதும்.

3. டி-அடாப்டர், டி-ரிங், கேமரா என்று வரிசையாக மாட்டுங்கள். கேமராவின் நீளப்பக்கம் கிடைமட்டமாக நிற்கும்படி திருப்பி வைத்துக்கொண்டால் இரவில் ஃப்ரேம் அமைப்பது சுலபம்.

4. பால்கனியிலிருந்து தொலைவில் தெரியும் ஒரு செல்போன் கோபுரத்தையோ கோயில் கோபுரத்தின் கலசத்தையோ பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். சூரியன் இருக்கும் திசைப்பக்கமே குழாய் போகக் கூடாது. ரெடியூசர் போட்டபின் ஃபோகஸ் இடம் நிறைய மாறியிருக்கும். குமிழைப் பல சுற்று திருப்ப வேண்டிவரும். “ஃபோகஸே வரல” என்று இரவில் தவிக்கிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஃபோகஸ் கிடைத்ததும் அப்படியே விட்டுவிடுங்கள். இரவில் நட்சத்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் திருப்பினால் போதும்.

கொலிமேஷனையும் (ஆடிகளை ஒரே நேரில் நிறுத்துவது) இதற்கு முன்பே, ரெடியூசர் இல்லாமல், ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துச் சரிசெய்து வைத்திருக்க வேண்டும். கொலிமேஷன் தவறியிருக்கும் குழாயில் ரெடியூசரைக் குற்றம் சொல்லி மாதக்கணக்கில் வளையங்களை மாற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் இரவு

குழாயை வெளியே வைத்து ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். பிறகு நல்ல பிரகாசமான ஒரு நட்சத்திரத்துக்குப் போங்கள். மார்கழி, தை என்றால் திருவாதிரை தோதானது. வாயில் பாட்டினோவ் மாஸ்க்கை (ஃபோகஸ் பார்க்க உதவும், கீற்றுகள் வெட்டிய மூடி) மாட்டி, லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கினால், நட்சத்திரத்தில் மூன்று கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரிநடுவில் வர வேண்டும். ஷ்மிட்-காசெக்ரெய்னில் ஃபோகஸ் குமிழைத் திருப்பும்போது உள்ளே பெரிய ஆடியே நகர்கிறது. கடைசித் திருப்பம் எப்போதும் இடஞ்சுழியாக, ஆடியை மேலே தள்ளுவதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஆடி தன் எடையில் கொஞ்சம் கீழே அமரும். ஃபோகஸும் போகும், ஃப்ரேமும் நகரும்.

மாஸ்க்கை எடுக்க மறக்காதீர்கள்.

மவுண்ட் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகரும் ஆல்ட்-அசிமத் வகையாக இருந்தால், வானம் படத்துக்குள் சுழலும். 20 வினாடி, மிஞ்சிப்போனால் 30 வினாடியில் நிறுத்திக்கொண்டு, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். துருவ அச்சில் அமைத்த ஈக்குவட்டோரியல் மவுண்ட்டாக இருந்தாலும் கைடிங் (ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்ட்டைத் திருத்திக்கொண்டே இருப்பது) இல்லாமல் 30 வினாடியில் தொடங்குவதே புத்திசாலித்தனம். ஐ.எஸ்.ஓ. 800 அல்லது 1600, கோப்பு ரா. நூறு படங்கள் எடுத்து அடுக்கினால் 50 நிமிட வெளிச்சம் கையில் இருக்கும். அடுக்குவதற்கு சிரில், டீப் ஸ்கை ஸ்டாக்கர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதல் படத்தை எடுத்ததுமே நூறுக்குப் பாயாதீர்கள். அந்த ஒரு படத்தைத் திரையில் பெரிதாக்கி நடு, நான்கு மூலைகள் என்று ஐந்து இடங்களையும் பாருங்கள்.

மூலைகள் சொல்வதைப் படிப்பது

நடுவில் நட்சத்திரங்கள் புள்ளியாக இருந்து, நான்கு மூலைகளிலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஆரம்போல் நீண்டிருந்தால் சென்சார் மிக நெருக்கமாக இருக்கிறது; வளையம் சேர்க்க வேண்டும். நடுவைச் சுற்றி வட்டமடிப்பதுபோல் குறுக்கே நீண்டிருந்தால் தூரம் அதிகம், குறைக்க வேண்டும். இது ரிஃப்ராக்டர் ஃப்ளாட்னரில் நன்றாக வேலை செய்யும் விதி. ஒரு பக்கத்து மூலைகள் மட்டும் கெட்டு எதிர்ப்பக்கம் நன்றாக இருந்தால், அது தூரப் பிரச்சினையே இல்லை. எங்கேயோ ஒரு மரை தளர்ந்திருக்கிறது, அல்லது கேமரா சாய்ந்து நிற்கிறது. நடு உட்பட எல்லா இடத்திலும் ஒரே திசையில் நீண்டிருந்தால் மவுண்ட்டைப் பாருங்கள்.

ஷ்மிட்-காசெக்ரெய்னில் கோமாவும் கலந்து வருவதால் மூலைகளை மட்டும் வைத்து முடிவெடுப்பது கடினம். அங்கே நான் நம்புவது கணக்கை. ஒரு படத்தை அஸ்ட்ரோமெட்ரி.நெட் தளத்தில் ஏற்றினால், அது வானத்தின் எந்தப் பகுதி என்று நட்சத்திரங்களை ஒப்பிட்டுக் கண்டுபிடித்து, ஒரு பிக்சலுக்கு எத்தனை விகலை என்றும் சொல்லும். 206.265-ஐ உங்கள் பிக்சல் அளவால் (மைக்ரானில்) பெருக்கி, அந்த விகலையால் வகுத்தால் உண்மையான குவியத்தூரம் மில்லிமீட்டரில் வரும். 4.3 மைக்ரான் பிக்சலும் 0.69 விகலையும் என்றால் 1285 மி.மீ. அதை 203-ஆல் வகுத்தால் எஃப்/6.3. தூரம் சரி என்று அர்த்தம்.

இந்தக் கணக்கை நான் ஏலகிரியில் ஓர் இரவை இழந்தபின் கற்றேன். மாசி மாதம், அமாவாசைக்கு முந்தைய நாள், வானம் அப்படியொரு இருட்டு. புதிதாக வாங்கிய ஃபில்டர் டிராயரை டி-அடாப்டருக்கும் டி-ரிங்குக்கும் நடுவில் மாட்டியிருந்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் அழகாகத் தெரிந்தது. நான்கு மணி நேரம் எடுத்தேன். மறுநாள் வீட்டில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஓரத்து நட்சத்திரங்களெல்லாம் சிறகு விரித்த பறவைபோல் இருந்தன, மூலைகள் இருண்டிருந்தன. தளத்தில் ஏற்றினேன்: 0.77 விகலை. கணக்குப் போட்டால் 1152 மி.மீ., எஃப்/5.7. டிராயரின் தடிமன் 20 மி.மீ. நான் 105-க்குப் பதில் 125-இல் எடுத்திருக்கிறேன். அந்த இரவின் படங்களில் நடுப்பகுதியை மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் மலைக்குப் போனால் முதல் படத்தை எடுத்ததும் மடிக்கணினியிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறேன். இரண்டு நிமிட வேலை.

ஃப்ளாட் எடுக்காமல் தூங்கப் போகாதீர்கள்

ரெடியூசர் போட்டால் ஓரங்கள் இருளத்தான் செய்யும். சி8-இல் ஏபிஎஸ்-சி சென்சார் வைத்தால் மூலைகளில் லேசாகத் தெரியும். ஃபுல் ஃப்ரேம் வைத்தால் நன்றாகவே தெரியும். அதற்கு இந்த ரெடியூசர் ஏற்றதில்லை, ஓரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் அளவு சென்சாருக்கு மிகவும் பொருத்தம்.

இந்த இருட்டையும் தூசிப் புள்ளிகளையும் கழிப்பதுதான் ஃப்ளாட். வெள்ளைப் பருத்தி வேட்டியை இரண்டாக மடித்து, சுருக்கமில்லாமல் வாயில் போர்த்தி ரப்பர் பேண்ட் போடுங்கள். விடியற்காலை வெளுத்த வானத்தை நோக்கித் திருப்புங்கள், அல்லது வெள்ளைத் திரை காட்டும் டேப்லெட்டை மேலே வையுங்கள். ஹிஸ்டோகிராம் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும்படி எக்ஸ்போஷர் வைத்து 20, 30 படங்கள். இதில் ஒரே ஒரு நிபந்தனை: இரவு எடுத்த ஃபோகஸும் கேமராவின் கோணமும் அப்படியே இருக்க வேண்டும். கேமராவைக் கழற்றி மறுபடி மாட்டி எடுத்த ஃப்ளாட், இருட்டை ஒரு பக்கம் கழித்து இன்னொரு பக்கம் கூட்டிவிடும்.

பனியும் பூஞ்சையும்

மலையில் மட்டுமல்ல, நம் சமவெளியிலும் மார்கழி இரவில் குழாயின் வாயில் இருக்கும் ஷ்மிட் கண்ணாடியில் பனி படர்ந்துவிடும். யோகா பாயை வெட்டி, வாய்க்கு முன்னால் 30 செ.மீ. நீளும்படி சுற்றி வெல்க்ரோ ஒட்டினால் அதுவே நல்ல பனித்தடுப்பு. படர்ந்துவிட்டால் துடைக்காதீர்கள், ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் காயவிடுங்கள்.

ரெடியூசரை ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடுவது, அதற்குப் பூஞ்சை வைத்துக் கொடுப்பதற்குச் சமம். வீட்டுக்கு வந்ததும் மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு திறந்து வைத்து, பிறகு சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு பக்க மூடியோடும் வையுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் ஜெல்லின் நிறத்தை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

எதை எடுக்கலாம்

சி8-உம் ரெடியூசரும் தரும் 60-க்கு 40 கலை ஜன்னலுக்கென்றே அளவெடுத்ததுபோல் சில பொருள்கள் வானத்தில் இருக்கின்றன.

சித்திரையில் நள்ளிரவை ஒட்டித் தெற்கே ஒமேகா சென்டாரி. வட அட்சத்தில் மேலே வசிப்பவர்கள் ஏங்கும் பொருள் இது. ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கும் அட்சரேகையில் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்துக்கு வருகிறது. விட்டம் ஏறக்குறைய 36 கலை. ரெடியூசர் இல்லாமல் எடுத்தால் கொத்து ஃப்ரேமை மீறி வழியும். போட்டு எடுத்தால் மேலும் கீழும் கொஞ்சம் வெற்று வானம் மிஞ்சும். அந்த வெற்று வானம் இருந்தால்தான் அது ஒரு பந்து என்றே தெரியும். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பிரகாசமானது, 20 வினாடிப் படங்களிலேயே நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிரியும்.

தை, மாசியில் ஓரியன் நெபுலா, எம் 42. முழு அகலம் ஒரு பாகைக்குக் கொஞ்சம் மேலே. சிறகின் நுனி வெளியே போனாலும் பிரகாசமான பகுதி முழுவதும் அடங்கும். நடுவில் இருக்கும் நான்கு நட்சத்திரங்கள் வெளிறிப் போகாமலிருக்க, 5 வினாடிப் படங்களும் ஒரு முப்பது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழை மேகம் வழிவிட்டால் ஆடியில் தனுசு ராசிப் பக்கம் ட்ரிஃபிட் நெபுலா, 28 கலை. சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனிக்கு அருகில் இருக்கும் எம் 51 சுழல் மண்டலம் 11 கலைதான். ரெடியூசர் இல்லாமலும் அடங்கும். ஆனாலும் போட்டே எடுங்கள், மவுண்ட்டுக்கு நிம்மதி.

கார்த்திகைக் கூட்டமும் ஆண்ட்ரோமெடாவும் இந்த ஜன்னலில் அடங்காது. கார்த்திகை ஏறக்குறைய 2 பாகை, ஆண்ட்ரோமெடா 3 பாகை. அவற்றுக்கு முன்பு சொன்ன 80 மி.மீ. ரிஃப்ராக்டர்தான் சரி.

வியாழன், சனி, நிலவின் பள்ளங்கள் என்றால் ரெடியூசரைக் கழற்றிவிடுங்கள். அங்கே நீளமான குவியத்தூரம்தான் வேண்டும். எஃப்/10-ஐயும் பார்லோ போட்டு இன்னும் நீட்டுவார்கள். கழற்றும்போது அடாப்டரையும் டி-ரிங்கையும் பிரிக்காமல் ஒன்றாகவே எடுத்து வையுங்கள். அதன்மேல் ஒரு காகித டேப் ஒட்டி, பேனாவால் “50 + 55 = 105” என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து மழைக்காலம் முடிந்து, வானம் திறக்கும் இரவில், அந்த டேப்பைப் பார்த்து அப்படியே மாட்டிக்கொள்ளலாம்.